ஜெல் வைத்த இடத்தில் ஸ்ப்ரே அடிக்கலாமா?

கேள்வி: அக்னி நட்சத்திரம் தொடங்கியதிலிருந்து கிச்சனில் சின்னச் சின்னக் கரப்பான்கள். பெஸ்ட் கன்ட்ரோல் ஆட்களை வரவழைத்து 1,200 ரூபாய்க்கு ஜெல் வைத்தோம். பத்து நாளாகியும் குறையவில்லை. கண்ணில் பட்டதையெல்லாம் ஸ்ப்ரே அடித்துக் கொன்றுகொண்டிருக்கிறேன். ஏமாந்துவிட்டோமா? – வாசகி, மதுரை

பதில்: வந்தவர்களைத் திட்டுவதற்கு முன் அந்த ஸ்ப்ரே டப்பாவை எடுத்து ஓரமாக வையுங்கள். ஜெல் என்பது கரப்பான் தின்பதற்காக வைக்கிற இரை. தின்றது பொந்துக்குப் போய்ச் சாகும். அதன் எச்சத்தையும் செத்த உடலையும் தின்கிற மற்றவையும் சாகும். பக்கத்திலேயே ஸ்ப்ரே அடித்தால் அந்த நெடிக்குக் கரப்பான் ஜெல்லை அண்டாது. ஜெல் பொட்டுகள் மேல் பினாயில் துணியை ஓட்டினாலும் காசு வீண்தான்.

அடுத்து, உங்கள் வீட்டில் இருப்பது எந்தக் கரப்பான்? வெளிர் பழுப்பு நிறத்தில், தலைக்குப் பின்னால் இரண்டு கருங்கோடுகளோடு இருந்தால் அது ஜெர்மன் கரப்பான். ஃப்ரிட்ஜ் மோட்டார் பக்கம், மிக்ஸிக்கு அடியில், கப்போர்டு கீல் இடுக்கில் என்று கதகதப்பான சந்துகளில்தான் குடியிருக்கும். பெண் கரப்பான் முட்டைக்கூட்டைப் பொரிக்கும் வரை கூடவே சுமந்து திரியும். ஒரு கூட்டில் 30, 40 முட்டைகள். கூட்டுக்குள் மருந்து ஏறாது. அதனால் ஒரே தடவை வைத்துவிட்டுப் போகிற ஜெல் போதாது. சில வாரம் கழித்து இரண்டாம் முறை வரவேண்டும். அது 1,200 ரூபாயில் அடக்கமா, தனிக்காசா என்று பில்லைப் பாருங்கள். பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது.

பெரிய, செம்பழுப்புக் கரப்பான் என்றால் அது சாக்கடை வழியாக வருவது. வருடம் முழுக்க ஜெல் வைத்தாலும் வந்துகொண்டே இருக்கும். பாத்ரூம், சிங்க் ஓட்டைகளுக்கு நெருக்கமான ஜாலி போட்டு, ராத்திரியில் மூடி வைப்பதுதான் வழி. எந்தக் கரப்பானாக இருந்தாலும் இந்த வெயிலில் அது தண்ணீரைத் தேடும். படுக்கப் போகும்போது சிங்க்கைத் துடைத்துக் காயவிடுங்கள். ஊறப்போட்ட தோசைக்கல்தான் அதற்கு விருந்து.

கேள்வி: பிளக்கில் ஒரு கருவியை மாட்டினால் அதன் ஒலியலையால் பல்லி, கரப்பான், கொசு எல்லாம் ஓடிவிடுமாமே? – வாசகர், ஓசூர்

பதில்: வாங்காதீர்கள். அமெரிக்காவின் வணிகக் கண்காணிப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2001-லேயே, இந்தக் கருவிகளைத் தயாரிப்பவர்கள், விற்பவர்கள் என 60-க்கும் மேற்பட்டோருக்கு ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்யக்கூடாது என்று எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? ரிட்டர்ன் தேதி தாண்டுவதற்குள் திருப்பிவிடுங்கள்.

கேள்வி: பெட்டிக்கடையில் விற்கும் கொசு ஊதுபத்தி நன்றாக வேலை செய்கிறது, விலையும் குறைவு. பயன்படுத்தலாமா? – வாசகி, விழுப்புரம்

பதில்: 1968-ம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டப்படி, வீட்டில் பயன்படுத்தும் கொசு மருந்துக்கும் மத்தியப் பதிவு வேண்டும். அட்டையில் சிஐஆர் (CIR) எனப்படும் அந்தப் பதிவு எண், மருந்தின் பெயர், அளவு மூன்றும் இருக்கிறதா பாருங்கள். ‘மூலிகை’ என்று மட்டும் போட்டு வேறெதுவும் இல்லையென்றால், ராத்திரி முழுக்க நீங்கள் எதைச் சுவாசிக்கிறீர்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. நன்றாக வேலை செய்கிறது என்கிறீர்களே, எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

கேள்வி: கறையானுக்கு ஐந்து வருட வாரண்டியோடு மருந்து அடித்தோம். ஒன்றரை வருடத்திலேயே நிலைச்சட்டத்தில் மண் கோடு. கோடை மழையன்று ஹால் மூலையிலிருந்து ஈசலும் கிளம்பியது. போன் செய்தால் எடுப்பதில்லை. – வாசகர், திருச்சி

பதில்: ஈசல் என்பது சிறகு முளைத்த கறையான்தான். வீட்டுக்குள்ளிருந்தே கிளம்பினால் புற்றின் தொடர்பு அறுபடவில்லை என்று அர்த்தம். தரையும் சுவரும் சேரும் இடத்தில் ஓர் அடிக்கு ஒன்றாகத் துளை போட்டு, மருந்தை உள்ளே இறக்கினார்களா? மரத்தின் மேல் மட்டும் அடித்துவிட்டுப் போயிருந்தால் அது கண்துடைப்பு.

மண் கோட்டைத் தட்டிவிடாமல் முதலில் தேதியோடு படம் எடுங்கள். பில், வாரண்டி அட்டை நகலோடு பதிவுத் தபாலில் 15 நாள் கெடு கொடுத்து எழுதுங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியவில்லையென்றால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுக் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் மனுப் போட்டாக வேண்டும். வாரண்டி பற்றி அவர்கள் அனுப்பிய வாட்ஸ்ஆப் செய்தி எதையும் அதுவரை அழித்துவிடாதீர்கள்.