கூட்ஸ் பார்க்க ஜோடியாகப் போகிறவர்களுக்கு: ஒரு பழைய கார்டின் பதில்கள்

நான் கூட்ஸ் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவன். ஊர் காரைக்குடி. வேலையில் இருந்தவரை சரக்கு வண்டியின் கடைசிப் பெட்டியான பிரேக் வேனில் உட்கார்ந்து ஊர்களைப் பார்த்தேன். இப்போது ஊர் ஊராகக் காரில் போய் பிரேக் வேனைப் பார்க்கிறேன், பக்கத்தில் வீட்டம்மாவும் உண்டு. செட்டிநாட்டில் தங்கிக்கொண்டு கணவன் மனைவியாகச் சரக்கு ரயில் பார்க்கக் கிளம்புவது பற்றி வந்த கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

கோயம்புத்தூரிலிருந்து ஒருவர்: ஐயா, கல்யாணமாகி எட்டு மாதம். காரைக்குடி ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே மூன்று நாள் ரூம் போட்டிருக்கிறேன். ஜங்ஷன்தானே, நாள் முழுக்க கூட்ஸ் பார்க்கலாம் இல்லையா?

ரூமை ரத்து செய்ய வேண்டாம் தம்பி, நினைப்பை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். காரைக்குடி ஜங்ஷன்தான். திருச்சி, மானாமதுரை, திருவாரூர் என்று மூன்று பக்கம் பாதை பிரிகிறது. ஆனால் இங்கே பயணிகள் வண்டிகளுக்குத்தான் முதல் இடம். கூட்ஸ் வருகிற நாளும் உண்டு, ஒன்றுகூட வராத நாளும் உண்டு. மூன்று நாளும் பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்தால் எட்டு மாதக் கல்யாணத்துக்கு அது நல்லதில்லை.

நான் சொல்வது இதுதான்: இரவுக்குச் செட்டிநாடு, பகலில் ஒருநாள் கார்டு லைன் (என் வேலையான கார்டு இல்லை, இது chord), ஒருநாள் திருச்சி–திண்டுக்கல் லைன். கார்டு லைன் என்பது விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம், அரியலூர் வழியாகத் திருச்சி வரும் இரட்டைப் பாதை. அரியலூர் வட்டாரத்தில் மண்ணுக்கடியில் சுண்ணாம்புக்கல் இருப்பதால் வரிசையாக சிமெண்ட் ஆலைகள். ஆலைக்கு நிலக்கரி வர வேண்டும், மூட்டை வெளியே போக வேண்டும். அதனால்தான் அங்கே சரக்கு வண்டிக்குப் பஞ்சமில்லை.

காரைக்குடியில் விடியற்காலை 5 மணிக்குக் கிளம்புங்கள். திருச்சி 90 கிலோமீட்டர் சொச்சம். வெயில் ஏறுவதற்குள் கொள்ளிடக் கரைக்குப் போய்விடுங்கள். ஸ்ரீரங்கம் தாண்டி ரயில் பாலத்தின் மேல் சரக்கு வண்டி ஏறும்போது அந்தச் சத்தம் மணலில் இறங்கி உங்கள் காலுக்கு வரும். எத்தனை வருஷம் அந்தப் பாலத்தின் மேல் போயிருக்கிறேன், கீழே நின்று கேட்ட அன்றுதான் அது என்ன சத்தம் என்று எனக்கே தெரிந்தது. அப்புறம் லால்குடி, புள்ளம்பாடி, கல்லக்குடி. கல்லக்குடி டால்மியா ஆலை 1939-லிருந்து இருக்கிறது. டால்மியாபுரம் என்ற பெயரைக் கல்லக்குடி என்று மாற்றச் சொல்லி 1953-இல் கலைஞர் தண்டவாளத்தில் படுத்துப் போராடியது இந்த ஸ்டேஷனில்தான்.

மதியச் சாப்பாட்டுக்குத் திருச்சிக்குத் திரும்பிவிடுங்கள். மாலை வெயிலில் இன்னொரு தடவை கொள்ளிடம் போக ஆசை வரும். முதல் நாளே வேண்டாம்.

தேவகோட்டையிலிருந்து ஒரு சகோதரி: அண்ணே, பைத்தியம் அவருக்கு, எனக்கு இல்லை. மூன்று மணி நேரம் கேட் ஓரத்தில் காரில் உட்காரச் சொல்கிறார். எனக்கு இதில் என்ன இருக்கிறது?

ஆத்தா, உங்கள் கேள்வியை எங்கள் வீட்டில் முப்பது வருஷம் கேட்டாயிற்று. கடைசியில் ஒரு உடன்படிக்கை போட்டோம்: எனக்கு ஒரு வண்டி, அவளுக்கு ஒரு வீடு. அதாவது ஒரு கூட்ஸ் போனதும் அடுத்த இடத்தை அவள் சொல்வாள். கானாடுகாத்தான் தெருக்கள், ஆத்தங்குடியில் கண்ணாடி மேல் சாயம் ஊற்றிக் கையால் தரைக்கல் போடுகிற பட்டறை, காரைக்குடியில் கண்டாங்கிச் சேலை, பனை ஓலைக் கொட்டான். மானாமதுரைப் பக்கம் போனால் கடமும் பானையும். மானாமதுரை நான்கு திசையிலும் பாதை பிரிகிற ஜங்ஷன் என்பதால் எனக்கும் அங்கே வேலை இருக்கும்.

இன்னொன்று. எங்கே நிற்பது என்பதை அவரிடம் விடாதீர்கள், நீங்கள் சொல்லுங்கள். நிழல், கழிப்பறை, டீக்கடை மூன்றும் பத்து நிமிடத் தூரத்தில் இல்லாத இடம் எவ்வளவு நல்ல வளைவாக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஆண்கள் வளைவைத்தான் பார்ப்பார்கள்.

உங்கள் ஊர்ப் பெயரைக் கொண்ட ஸ்டேஷன் ஊருக்குள் இல்லை, தள்ளி தேவகோட்டை ரஸ்தாவில்தான் இருக்கிறது. தெரியாமல் தேவகோட்டைக்கு டிக்கெட் எடுத்து இறங்கி, ஊர் எங்கே என்று கேட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அங்கே சாயங்காலம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். வண்டி வராவிட்டாலும் காற்று வரும்.

சென்னையிலிருந்து: செயலியில் பார்த்தால் பயணிகள் ரயில் மட்டும்தான் தெரிகிறது. கூட்ஸ் எப்போது வரும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கூட்ஸுக்கு நம் கையில் கிடைக்கிற அட்டவணை கிடையாது. சரக்கு ஏறி முடித்தால் கிளம்பும், பாதை கிடைத்தால் ஓடும். கார்டாக இருந்த எனக்கே எப்போது வீடு சேர்வேன் என்று தெரிந்ததில்லை. டெல்டா பக்கம் ஒரு சின்ன ஸ்டேஷனில் லூப்பில், அதாவது ஒதுங்கி நிற்கிற பக்கத் தடத்தில், போட்டுவிட்டு ஆறு மணி நேரம் மறந்துவிட்டார்கள். சம்படத்தில் இருந்த தயிர்ச்சோறு மத்தியானமே தீர்ந்துபோயிற்று. அப்போது பிரேக் வேனில் விளக்கும் இல்லை, கழிப்பறையும் இல்லை.

ஆனால் குறிப்பறிய வழி உண்டு. பயணிகள் வண்டியின் நேரம் உங்கள் கையில் இருக்கிறது அல்லவா? ஒற்றைப் பாதையில் எக்ஸ்பிரஸுக்கு வழிவிட கூட்ஸ் முன்னாலேயே லூப் லைனில் ஒதுங்கும். எக்ஸ்பிரஸ் போய், அடுத்த ஸ்டேஷனில் பாதை காலியானதும் அதற்கு சிக்னல் விழும். ஆக, எக்ஸ்பிரஸ் போனதும் எல்லோரும் கிளம்புவார்கள், நீங்கள் கிளம்பாதீர்கள். எந்த வண்டியும் வராத நேரத்தில் கேட் மூடினால் வருவது பெரும்பாலும் கூட்ஸ்தான். கேட் கீப்பரிடம் மரியாதையாகக் கேட்டால் சிலர் சொல்வார்கள், சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். அவருக்கு போன் அடிக்கும்போது பேச்சுக்கொடுக்கக் கூடாது.

தஞ்சாவூர்த் தம்பி: எந்த மாதம் வரலாம்?

தை, மாசி. டெல்டாவில் சம்பா அறுப்பு. நேரடி கொள்முதல் நிலையங்களில் பிடித்த நெல்லை அரவைக்கு வெளி மாவட்டங்களுக்கு ரயிலில் அனுப்புவார்கள். நீடாமங்கலம், தஞ்சாவூர்ப் பக்கம் 42 வேகன் கொண்ட ரேக்கில் (ஒரே வண்டியாகப் போகிற வேகன் வரிசை) மூட்டை ஏற்றுவதைப் பார்க்கலாம். உங்கள் ஊர்க்காரர்களுக்கே அது அலுத்திருக்கும், எங்களுக்கு அலுக்கவில்லை. ரேக்கைக் குறித்த நேரத்துக்குள் முடித்து அனுப்பாவிட்டால் டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் கட்ட வேண்டும், அதனால்தான் சுமைதூக்கும் தொழிலாளர்களின் நடையில் அத்தனை வேகம். காரைக்கால் துறைமுகத்திலிருந்து வரும் நிலக்கரியும் தஞ்சாவூர் வழியாகத்தான் திருச்சிக்குப் போகிறது.

சித்திரை, வைகாசி வேண்டாம். செட்டிநாட்டு வெயில் என்றால் தெரியும்தானே.

மதுரையிலிருந்து: திண்டுக்கல் லைன் என்றீர்களே, எங்கே நிற்பது?

மணப்பாறை. காரைக்குடியிலிருந்து பொன்னமராவதி, துவரங்குறிச்சி வழியாகப் போகலாம், ரோட்டில் கூட்டம் குறைவு. தூத்துக்குடி, மதுரைப் பக்கமிருந்து வடக்கே போகும் சரக்கு இந்த இரட்டைப் பாதையில் வரும். முறுக்கு வாங்கிக்கொண்டு நிற்கலாம். இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை, போய்ப் பாருங்கள்.

கல்லூரி மாணவர் ஒருவர்: என்ஜின் முகப்பில் எழுதியிருப்பதை எப்படிப் படிப்பது? நானும் அவளும் பந்தயம் கட்டுகிறோம்.

முதல் எழுத்து டபிள்யூ என்றால் அகலப் பாதை. இரண்டாவது ஏ என்றால் மின்சாரம், டி என்றால் டீசல். மூன்றாவது ஜி என்றால் கூட்ஸுக்கானது, பி என்றால் பயணிகள் வண்டிக்கு, எம் என்றால் இரண்டுக்கும். டபிள்யூஏஜி-9 என்பது 6,000 குதிரைத்திறனுக்கு மேல் உள்ள மின்சாரக் கூட்ஸ் என்ஜின். டபிள்யூஏஜி-7 என்பது 5,000.

பந்தயத்துக்கு என்ஜினைவிட வேகன் நல்லது. மேலே திறந்த பெட்டி பாக்ஸ், நிலக்கரி வரும். மூடிய பெட்டியில் சிமெண்ட், நெல், உரம். ஜன்னல் அடைத்த பழைய பயணிகள் பெட்டி மாதிரி தெரிந்தால் அதில் வண்டி வாகனங்கள் போகின்றன. பழைய பயணிகள் பெட்டிகளையே அப்படி மாற்றியிருக்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டும் விளையாடலாம்: காலி வேகன் கடகடவென்று உளறும், சரக்கேறிய வேகன் தாளம் பிசகாது.

ராமநாதபுரத்திலிருந்து: பாம்பன் புதுப் பாலத்தில் கூட்ஸ் பார்க்க முடியுமா?

ராமேசுவரத்துக்குப் போவது பயணிகள் வண்டிகள்தான். கூட்ஸை நம்பிப் போகாதீர்கள். 2025 ஏப்ரல் 6-இல் திறந்த அந்தப் பாலத்தில் 72.5 மீட்டர் தூக்குப் பகுதி செங்குத்தாக மேலே போகும். அதற்காகவே போகலாம். 1914-இல் வந்த பழைய பாலமும் பக்கத்திலேயே நின்றது, என் மனசு அதில்தான் இருக்கிறது.

பெயர் சொல்ல விரும்பாதவர்: தண்டவாளத்துக்குப் பக்கத்தில் நின்று மனைவியை வைத்துப் படம் எடுக்கலாமா? டிரோன்?

ஆகாது. இரண்டுமே ஆகாது. அத்துமீறித் தண்டவாளத்துக்குள் போவது ரயில்வே சட்டம் 147-ஆம் பிரிவில் குற்றம், ஆறு மாதம் வரை சிறையோ 1,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ வரும். அது கிடக்கட்டும். சரக்கேறிய வண்டி பிரேக் போட்டு நிற்க ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் எடுக்கும். உங்களைப் பார்த்த பிறகு டிரைவர் செய்யக்கூடியது ஹாரன் அடிப்பது மட்டும்தான். நான் கடைசிப் பெட்டியில் இருந்தவன். முன்னால் நடந்ததை இறங்கி நடந்து போய்ப் பார்க்க வேண்டியது என் வேலை. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன்.

பிளாட்பார டிக்கெட் 10 ரூபாய், இரண்டு மணி நேரம் செல்லும். ஸ்டேஷன் மாஸ்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பெஞ்சில் உட்காருங்கள். சரியென்றால் படம் எடுங்கள், வேண்டாமென்றால் பேசாமல் பையில் வையுங்கள்.

புதுக்கோட்டையிலிருந்து: வழியில் சாப்பாடு?

காலைக்குக் கட்டுச்சோறு, புளியோதரை இரண்டு வேளை தாங்கும். இரவு காரைக்குடி மெஸ். கந்தரப்பம் வாங்கினால் காரில் வைத்துச் சாப்பிடாதீர்கள், ஸ்டியரிங் முழுக்க எண்ணெய்.

திரும்பவும் கோயம்புத்தூர்க்காரர்: ஐயா, போய்வந்துவிட்டோம்! கல்லக்குடியில் நிலக்கரி வண்டி. நான் எண்ணியது 57, அவள் எண்ணியது 58. இரண்டு நாளாகச் சண்டை. யார் சரி?

பாக்ஸ் ரேக்கில் 58 இருப்பது வழக்கம். ஒரு வேகன் பழுதாகி வழியில் கழற்றிவிட்டிருந்தால் 57 ஆகலாம். ஆனால் அந்த வண்டி 40 கிலோமீட்டர் வேகத்தில் போயிருந்தால் உங்களைக் கடக்க ஒரு நிமிடம்தான் ஆகியிருக்கும். அந்த ஒரு நிமிடத்தில் நீங்கள் படமும் எடுத்தீர்களா? எடுத்திருந்தால் 58.