வேலியில் கரண்ட், காட்டில் யானை: கேள்வி பதில்

மின்பாதைப் பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தேன்கனிக்கோட்டைப் பக்கம் ராகி போட்டிருக்கிறேன். யானை வராமல் இருக்கப் போடும் சோலார் வேலியும் கரண்ட்தானே ஐயா? மெயினிலிருந்து நேராகக் கொடுத்தால் என்ன தப்பு?

இரண்டும் ஒன்றல்ல. சோலார் வேலியில் பல ஆயிரம் வோல்ட் வந்தாலும், நொடிக்கு ஒருமுறை, கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவாகத்தான் அடிக்கும். யானை சுரீரென்று பின்வாங்க இடைவெளி கிடைக்கும். வீட்டுக் கரண்ட் 230 வோல்ட், நிற்காமல் பாய்வது. தசை இறுகிவிடும், இதயம் நின்றுவிடும்.

2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே இப்படி நேராகக் கரண்ட் கொடுத்த வேலியில் 3 யானைகள் செத்தன. கூட வந்த 2 குட்டிகள் பிழைத்து, அந்த உடல்களையே சுற்றிச் சுற்றி வந்தன. அதை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு ஆறவில்லை. ராத்திரி தண்ணீர் திறக்கப் போகும் உங்கள் மகனுக்கும் அதே கம்பிதான், தம்பி. பயிர் போகிற வலி எனக்குத் தெரியும், ஆனால் இதைச் செய்யாதீர்கள். சோலார் வேலிக்கும் காட்டோரத்தில் வனத்துறை அனுமதி வேண்டும். தமிழ்நாடு அரசின் 2023 மின்வேலி விதிகள் அப்படித்தான் சொல்கின்றன.

கம்பத்தில் மின்கம்பி அவ்வளவு உயரத்தில் போகிறதே சார், யானைக்கு எப்படி எட்டும்?

தும்பிக்கையைத் தூக்கினால் எட்டும். கம்பி தொய்ந்து கிடந்தாலோ, கீழே கரை, மண்மேடு இருந்தாலோ இன்னும் சுலபம். அதே மார்ச் மாதம் கம்பைநல்லூர் அருகே ஒரு ஆண் யானை தாழ்வான மின்கம்பியில் பட்டுத்தான் செத்தது. தொய்வு இருந்தால் நடுவில் ஒரு கம்பம் நட்டால் போதும், அல்லது உயரமான கம்பம் மாற்றலாம். யானைக்குக் கம்பத்தில் முதுகு தேய்க்கும் பழக்கம் உண்டு. அதனால் யானை வழித்தடத்தில் உள்ள கம்பங்களைச் சுற்றி முள் இரும்புப் பட்டை அடிப்பார்கள். உங்கள் ஊரில் தொய்வைப் பார்த்தால் கம்ப எண்ணைக் குறித்து மின்வாரியத்துக்கும் வனச்சரகத்துக்கும் எழுதிக் கொடுங்கள்.

காக்கா உட்கார்ந்தால் ஒன்றும் ஆவதில்லை, வௌவால் மட்டும் ஏன் கருகித் தொங்குகிறது?

காக்கா ஒரே கம்பியில் உட்காரும். பழந்தின்னி வௌவாலின் இறக்கை விரித்தால் ஒரு மீட்டருக்கும் மேல் வரும், இரண்டு கம்பியையும் சேர்த்துத் தொட்டுவிடும். பழமரம் உள்ள இடங்களில் உறையிட்ட கம்பி போட்டால் குரங்குக்கும் நல்லது.

கம்பியில் சிக்கிய விலங்கு உயிரோடு துடித்தால்?

கிட்டே போகாதீர்கள். குச்சியாலும் தொடாதீர்கள், ஈரத் தரையிலும் கரண்ட் பரவியிருக்கும். முதலில் மின்வாரியத்தைக் கூப்பிட்டு லைனை நிறுத்தச் சொல்லுங்கள். நிறுத்திவிட்டோம் என்று அவர்கள் வாயால் சொன்ன பிறகே, அதுவும் வனத்துறை ஆட்களோடு, பக்கத்தில் போங்கள்.