புள்ளியியல் மாநாடுகளும் பயிலரங்குகளும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: புள்ளியியலில் முனைவர் பட்ட ஆய்வின் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். முதல் மாநாடே பன்னாட்டு அளவில் பெரியதாக இருக்க வேண்டும் என்று நண்பர்கள் வற்புறுத்துகிறார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: அவர்கள் சொல்வது ஜே.எஸ்.எம். எனப்படும் அமெரிக்கக் கூட்டுப் புள்ளியியல் மாநாடாக இருக்கலாம். ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதத்தையொட்டி நடக்கும் அம்மாநாடு 2026இல் பாஸ்டனில் நடைபெறுகிறது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடும் இடத்தில், ஒரே நேரத்தில் பல அறைகளில் அமர்வுகள் நடக்கும்போது, 15 நிமிடம் பேசும் புதியவரின் அறைக்கு வருபவர்கள் பெரும்பாலும் அதே அமர்வில் பேசவிருக்கும் மற்றவர்களே. உங்கள் கட்டுரையைக் கேட்டுவிட்டு, மாலையில் தேநீர் வேளையில் தேடி வந்து குறை சொல்லக்கூடிய மூத்தவர்கள் இருக்கும் சிறிய அவையே முதல் முறைக்கு ஏற்றது என்பது என் உறுதியான கருத்து. நிகழ்தகவு மற்றும் புள்ளியியலுக்கான இந்தியக் கழகத்தின் ஆண்டு மாநாடு அத்தகையது. பன்னாட்டு இந்தியப் புள்ளியியல் சங்கமும் சில ஆண்டுகளில் டிசம்பர் இறுதியில் இந்தியாவிலேயே கூடுகிறது. 2022இல் பெங்களூருவிலும் 2024இல் கொச்சியிலும் கூடியது. மாணவர் கட்டுரைப் போட்டியும் அங்கே உண்டு.

உங்கள் ஆய்வு குறிப்பிட்ட ஒரு கிளையைச் சேர்ந்தது என்றால் அந்தக் கிளைக்குரிய மாநாட்டையே நாடுங்கள். முன்னறிவைப் புதிய தரவோடு இணைத்துக் கணிக்கும் பேய்சிய முறையில் உழைப்பவர்களுக்கு இஸ்பா எனப்படும் பன்னாட்டுப் பேய்சியப் பகுப்பாய்வுக் கழகத்தின் உலக மாநாடும், உயிரிப் புள்ளியியலாளர்களுக்குப் பன்னாட்டு உயிரி அளவியல் மாநாடும் இரட்டைப்படை ஆண்டுகளில் வருகின்றன. 2026இல் முன்னது ஜப்பானின் நகோயாவிலும் பின்னது சியோலிலும் நடைபெறுகின்றன.

கேள்வி: ஆய்வு முடிவதற்கு முன்பே ஆய்வுச் சுருக்கம் அனுப்பச் சொல்கிறார்களே, அதில் என்ன எழுதுவது?

பதில்: ஆகஸ்டு மாநாட்டுக்குப் பிப்ரவரித் தொடக்கத்திலேயே சுருக்கம் கேட்பது ஜே.எஸ்.எம். போன்ற மாநாடுகளில் வழக்கம். ஆறு மாதத்துக்குப் பிந்தைய நிலையை யாராலும் முன்கூட்டி எழுத முடியாது என்பது உண்மைதான். ஆனாலும் கையில் உறுதியாக இருக்கும் ஒரு முடிவாவது இல்லாமல் சுருக்கம் அனுப்பாதீர்கள். "விகிதத்துக்கான நம்பிக்கை இடைவெளிகள் ஒப்பிடப்படும்; முடிவுகள் விவாதிக்கப்படும்" என்று எழுதினால் அதைப் படிப்பவருக்கு எதுவும் கிடைப்பதில்லை. அதே பொருளில், நன்கு அறியப்பட்ட ஒரு முடிவையே எடுத்துக்காட்டாகக் கொண்டு எழுதிக் காட்டுகிறேன் (நம்பிக்கை இடைவெளி என்பது உண்மை விகிதம் எந்த எல்லைகளுக்குள் இருக்கலாம் என்று மாதிரியிலிருந்து கணிப்பது; பாடநூல்களில் வழக்கமாக வருவது வால்டு இடைவெளி): "உண்மை விகிதம் 2 விழுக்காடாகவும் மாதிரி அளவு 50 ஆகவும் இருக்கும்போது, 36 விழுக்காடு மாதிரிகளில் ஒரு நிகழ்வுகூடப் பதிவாவதில்லை. அப்போது வால்டு இடைவெளி சுழியில் ஒரு புள்ளியாகச் சுருங்கிவிடுகிறது. ஆகவே 95 விழுக்காடு எனச் சொல்லப்படும் அந்த இடைவெளி ஏறத்தாழ 64 விழுக்காடு முறைதான் உண்மை விகிதத்தை உள்ளடக்குகிறது." இந்த மூன்று வாக்கியங்களிலேயே சிக்கல் என்ன, அது எங்கே எழுகிறது, எவ்வளவு பெரியது என்ற மூன்றும் தெரிந்துவிடுகின்றன. இதை அடுத்து உங்கள் திருத்தம் என்ன செய்கிறது என்பதைச் சொன்னால் சுருக்கம் நிறைவடையும். தலைப்பை மட்டும் சற்று விரிவாக வைத்துக்கொள்ளுங்கள். இடைப்பட்ட மாதங்களில் ஆய்வு வளர்ந்தால் அதற்கும் இடம் இருக்கும்.

கேள்வி: "உங்கள் உயர்ந்த ஆய்வைக் கண்டு வியந்தோம்" என்று துபாயிலும் பாங்காக்கிலும் நடக்கும் மாநாடுகளிலிருந்து வாரந்தோறும் மின்னஞ்சல் வருகிறது. நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். புள்ளியியல், பல் மருத்துவம், கட்டடப் பொறியியல் ஆகிய மூன்றுக்கும் ஒரே விடுதியில் ஒரே நாளில் மாநாடு என்றால், அங்கே கூடுபவர்களில் உங்கள் கட்டுரையைப் புரிந்துகொள்பவர் இருக்க வாய்ப்பில்லை. அனுப்பிய இரண்டே நாளில் ஏற்பு வருவதும், கட்டணத்தைத் தனிநபர் கணக்குக்குக் கேட்பதும் தெளிவான அறிகுறிகள். ஐயம் நீங்காவிட்டால், சென்ற ஆண்டு நிகழ்ச்சி நிரலை அறை எண், நேரம், பேச்சாளர் பெயர் ஆகியவற்றுடன் அனுப்பும்படி கேளுங்கள். குழு உறுப்பினராகக் காட்டப்பட்டிருக்கும் பேராசிரியருக்கு அவருடைய பல்கலைக்கழக முகவரியில் ஒரு வரி எழுதிக் கேளுங்கள். தமது பெயர் அங்கே இருப்பதே தெரியாதவர்கள் பலர். இங்கே பணம் போவதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு: இத்தகைய மாநாட்டின் தொகுப்பில் ஒரு முறை வெளிவந்துவிட்ட கட்டுரையை நல்ல ஆய்விதழ் புதிய ஆய்வாக ஏற்காது. இளம் ஆய்வாளரின் இரண்டாண்டு உழைப்பு இப்படி வீணாவதைக் காண வருத்தமாக இருக்கிறது.

கேள்வி: வாய்மொழியாகப் பேச விண்ணப்பித்தேன், சுவரொட்டி அமர்வுக்கு மாற்றிவிட்டார்கள். தரக்குறைவா?

பதில்: இல்லை. சுவரொட்டி முன் நின்று கேட்பவர் விரும்பி வந்தவர். அவரோடு பத்து நிமிடம் உரையாடலாம். ஏ0 தாளின் அளவு 841 × 1189 மில்லிமீட்டர் என்றாலும், நிறுத்துப் பலகை நெடுக்கா குறுக்கா என்பதைக் கேட்டறிந்த பிறகே அச்சிடுங்கள். முதன்மை முடிவு கண் மட்டத்தில் இருக்கட்டும்.

கேள்வி: மாநில அரசின் புள்ளியியல் துறையில் பணிபுரிகிறேன். இம்மாநாடுகள் கோட்பாட்டாளர்களுக்கு மட்டும்தானா?

பதில்: 1885இல் தோன்றிய பன்னாட்டுப் புள்ளியியல் நிறுவனத்தின் வரலாறே அரசுப் புள்ளியியலோடு பிணைந்தது. அது ஒற்றைப்படை ஆண்டுகளில் நடத்தும் உலகப் புள்ளியியல் மாநாட்டில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, விலைக் குறியீட்டெண், நிருவாகத் தரவுகளின் பயன்பாடு முதலியவற்றுக்குத் தனி அமர்வுகள் இருக்கும். 2023இல் ஒட்டாவாவிலும் 2025இல் தி ஹேக்கிலும் நடந்த அம்மாநாடு 2027இல் தென்கொரியாவின் பூசானில் நடக்க இருக்கிறது. (இந்தியப் புள்ளியியல் மேதை சி.ஆர். ராவ் 1945இல் கொல்கத்தாவின் ஒரு கணித இதழில் வெளியிட்ட கட்டுரைக்காக, அவருடைய 102ஆம் வயதில் பன்னாட்டுப் புள்ளியியல் பரிசு ஒட்டாவா மாநாட்டில்தான் வழங்கப்பட்டது என்பதை இங்கே நினைவுகூர விரும்புகிறேன்.)

ஆனால் உங்கள் அன்றாடப் பணிக்கு மாநாட்டைவிடப் பயிற்சியே கூடுதலாக உதவும். 1970இல் தோன்றி, இப்போது ஜப்பானின் சிபா நகரில் இயங்கிவரும் ஆசிய-பசிபிக் புள்ளியியல் நிறுவனம், ஐக்கிய நாடுகள் அவையின் அங்கமாக, அரசுப் புள்ளியியலாளர்களுக்கென்றே படிப்புகளை நடத்துகிறது. இணையவழிப் படிப்புகளும் உண்டு. உங்கள் இயக்குநரகத்துக்கு வரும் சுற்றறிக்கைகளைத் தவறாமல் பாருங்கள், ஏனெனில் இத்தகைய இடங்கள் பலவற்றுக்குத் துறையின் பரிந்துரை தேவைப்படும்.

கேள்வி: மருத்துவக் கல்லூரியில் உயிரிப் புள்ளியியல் கற்பிக்கிறேன். நோயாளிகள் எவ்வளவு காலம் உயிர்வாழ்கிறார்கள் என்பதை ஆராயும் உயிர்வாழ்வுப் பகுப்பாய்வில் மூன்று நாள் பயிலரங்குகள் பல அறிவிக்கப்படுகின்றன. நல்லதை எப்படி அடையாளம் காண்பது?

பதில்: சான்றிதழை மறந்துவிட்டு நிகழ்ச்சி நிரலைப் படியுங்கள். காலப்போக்கில் உயிரோடு இருப்போரின் விகிதத்தைக் காட்டும் காப்லான்–மையர் வளைவு வரைவதும், இடரைக் காரணிகளோடு தொடர்புபடுத்தும் காக்ஸ் மாதிரியை இயக்குவதும் ஆர் மென்பொருளில் சில கட்டளைகளில் முடிந்துவிடும்; அதற்கு மூன்று நாள் வேண்டியதில்லை. விகிதசம இடர் (இரு குழுக்களின் இடர்களுக்கு இடையிலான விகிதம் காலம் முழுதும் மாறாது) என்னும் அனுமானம் பொருந்துகிறதா என்று சோதிப்பதற்கும், பொருந்தாதபோது என்ன செய்வது என்பதற்கும், நோயாளி இடையில் தொடர்பற்றுப் போனதற்கான காரணம் நோயோடு தொடர்புடையதாக இருந்தால் முடிவு எப்படித் திரியும் என்பதற்கும் எவ்வளவு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று பாருங்கள். பாதி நேரமாவது நீங்களே தரவில் கைவைக்க வேண்டும். உங்கள் கல்லூரித் தரவை அடையாளங்களை நீக்கிக் கொண்டுவர அனுமதிக்கும் பயிலரங்கு என்றால் தயங்காமல் சேருங்கள். இருநூறு பேரை ஒரே இணைய அறையில் அமர்த்தி, முன்தேவை எதையும் கேட்காமல் நடத்தப்படுவது சொற்பொழிவே. இந்திய மருத்துவப் புள்ளியியல் கழகத்தின் ஆண்டு மாநாட்டையொட்டி நடத்தப்படும் பயிலரங்குகளையும் கவனித்து வாருங்கள். ஐ.சி.எம்.ஆர். எனப்படும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் சென்னைத் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் இணையத்தில் நடத்தும் அடிப்படை ஆய்வுமுறைப் படிப்பு உங்கள் முதுநிலை மாணவர்களுக்கு ஏற்றது. உங்கள் தேவைக்கு அது போதாது.

கேள்வி: அயல்நாட்டு மாநாட்டுக்குக் கட்டுரை ஏற்கப்பட்டுவிட்டது. முதலில் செய்ய வேண்டியது என்ன?

பதில்: அன்றே அழைப்புக் கடிதம் கேளுங்கள். கடவுச்சீட்டில் உள்ளபடியே பெயரும், கட்டுரைத் தலைப்பும், நாள்களும் அதில் இருக்க வேண்டும். விசா நேர்காணலுக்குச் சில நாடுகளில் மாதக்கணக்கில் காத்திருக்க நேரும் என்பதால், கல்லூரியின் தடையின்மைச் சான்றுக்கும் பயண நல்கைக்கும் ஒரே வாரத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். ஒன்றின் முடிவு தெரிந்த பிறகு அடுத்ததைத் தொடங்கலாம் என்று இருந்தால் நாள் போய்விடும். வளரும் நாடுகளிலிருந்து வருவோருக்கும் மாணவர்களுக்கும் பதிவுக் கட்டணத்தில் சலுகை தரும் மாநாடுகள் பல உண்டு. முன்பதிவுக் கெடு முடிவதற்குள் அமைப்பாளர்களுக்கு எழுதிக் கேளுங்கள்; கட்டணம் செலுத்திய பிறகு கேட்டால் கிடைப்பது அரிது.