ஹீட்டர் வாங்கியாச்சு, விளம்பரம் போகவில்லை!

கேள்வி: ஐப்பசி மழையில் வீடு சில்லிட்டுக் கிடந்ததால் போனில் ரூம் ஹீட்டர் விலை பார்த்தேன். கடைசியில் ஊட்டிக்குப் போய்க் கடையிலேயே வாங்கிவிட்டேன். இன்னமும் செய்தி படித்தாலும் சமையல் குறிப்பு பார்த்தாலும் ஹீட்டர் விளம்பரம்தான் வருகிறது. குரோமின் ரகசிய ஜன்னலான இன்காக்னிட்டோவில் பார்த்தால் போதும் என்கிறான் மகன். குரோமையே விட்டுவிட்டு வேறு பிரவுசருக்கு மாறச் சொல்கிறாள் மகள். யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகி, கோத்தகிரி

பதில்: மகள் சொல்வதை.

நீங்கள் கடையில் வாங்கியது விளம்பரக்காரர்களுக்குத் தெரியாது. அதனால்தான் இந்தத் துரத்தல். ஹீட்டர் விற்கும் தளத்திலும் செய்தித் தளத்திலும் ஒரே விளம்பர நிறுவனத்தின் நிரல் உட்கார்ந்திருக்கும். அது உங்கள் பிரவுசரில் ஓர் அடையாள எண்ணைப் போட்டு வைக்கிறது. இதுதான் மூன்றாம் தரப்பு குக்கீ. அடுத்த தளத்துக்குப் போனதும் அதே எண்ணைப் பார்த்து, 'ஹீட்டர் தேடியவர் வந்துவிட்டார்' என்று தெரிந்துகொள்கிறது.

இதற்கு இடம் கொடுப்பதா வேண்டாமா என்பது பிரவுசரின் கையில். ஆப்பிளின் சஃபாரி 2020 மார்ச்சிலேயே இந்தக் குக்கீகளை முழுதாகத் தடுத்துவிட்டது. ஃபயர்ஃபாக்ஸ் 2022 ஜூன் முதல் ஒரு தளத்தின் குக்கீயை இன்னொரு தளத்தில் பயன்படுத்த விடுவதில்லை. குரோமில் ஒழித்துவிடுவதாக 2020 ஜனவரியில் சொன்ன கூகுள், 2024 ஜூலையில் பின்வாங்கியது. விளம்பரம்தான் கூகுளின் பெரிய வருமானம். வேறென்ன எதிர்பார்க்க முடியும்?

மகன் சொல்வதிலும் பாதி சரி. இன்காக்னிட்டோ ஜன்னலை மூடியதும் குக்கீகள் அழிந்துவிடும், போனில் வரலாறும் தங்காது. ஆனால் மூடும்வரை நீங்கள் செய்வது தளங்களுக்கும் உங்கள் இணைய நிறுவனத்துக்கும் தெரியத்தான் செய்யும். இது பற்றி அமெரிக்காவில் 2020இல் போட்ட வழக்கு 2024இல் சமரசமானபோது, இன்காக்னிட்டோவில் சேர்ந்த பழைய பதிவுகளை அழிக்க கூகுள் ஒப்புக்கொண்டது. அதன் உண்மையான உபயோகம் பிரவுசிங் சென்டரில். கீழேயிருந்து நீலகிரிக்கு வண்டியில் வரும் சொந்தக்காரர்களுக்கு இ-பாஸ் எடுக்க அங்கே போனால், வண்டி எண்ணும் போன் எண்ணும் அடுத்து உட்காருபவர் கண்ணில் படாமல் இருக்க இன்காக்னிட்டோவைத் திறங்கள், முடிந்ததும் மூடுங்கள்.

சரி, எதற்கு மாறுவது? ஆண்ட்ராய்டு போன் என்றால் ஃபயர்ஃபாக்ஸ் போட்டு, அதில் யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பு நீட்சியைச் சேர்ப்பதே என் தேர்வு. இரண்டும் இலவசம். அந்த வேலையும் வேண்டாம் என்றால் பிரேவ் என்ற பிரவுசர். அது போட்டதுமே தடுக்கத் தொடங்கிவிடும். ஐபோனில் சஃபாரியே போதும். விளம்பரச் சுமை குறைவதால் பக்கம் சீக்கிரம் திறக்கும். மழை நாளில் நம் மலையில் சிக்னல் கிடைக்கிற லட்சணத்துக்கு இதுவே பெரிய லாபம். குரோமை விட மனமில்லையா? அமைப்புகளில் தனியுரிமைப் பகுதிக்குப் போய் மூன்றாம் தரப்பு குக்கீகளைத் தடுத்துவிடுங்கள். 'ரகசிய பிரவுசர்' என்று பேர் தெரியாத ஆப்களைப் பார்த்து மயங்க வேண்டாம்.

ஆனால் ஷாப்பிங் ஆப்பில் லாகின் செய்து தேடினால் எந்தப் பிரவுசரும் காப்பாற்றாது. ஆண்ட்ராய்டு அமைப்புகளில் கூகுள் பகுதிக்குள் விளம்பரங்கள் என்று ஒன்று இருக்கும். அங்கே, ஆப்கள் உங்கள் போனை அடையாளம் காண உதவும் விளம்பர ஐடியை நீக்கிவிடுங்கள். மாறிய பிறகு என்றைக்காவது பணம் கட்டும் பக்கம் பாதியில் நின்றால், அந்தத் தளத்துக்கு மட்டும் தடுப்பை அணைத்துவிட்டு மறுபடி முயலுங்கள்.