கணினி கேள்வி பதில்: கேமரா படம் மட்டும் ஏற மறுப்பது ஏன்?

கேள்வி: எங்கள் செயலியில் வாட்ஸ்அப்பில் வந்த படங்கள் ஏபிஐ (செயலியும் சர்வரும் தரவு பரிமாறும் வழி) மூலம் சர்வரில் ஏறிவிடுகின்றன. கேமராவில் எடுத்த படத்தை அனுப்பினால், அளவு மிகப் பெரியது என்று சொல்லும் 413 பிழை வருகிறது. சர்வரில் எங்கள் நிரல் ஓடும் பிஎச்பியில் வரம்பை 20 எம்பி ஆக்கியும் பயனில்லை.

பதில்: பிஎச்பி தானாக 413 சொல்வதில்லை. அதற்கு முன்னால் வாசலில் நிற்கும் வெப் சர்வரான என்ஜின்எக்ஸ்தான் திருப்பி அனுப்பியிருக்கும். அதன் எரர் லாகில் பதிவும் இருக்கும். 'கிளையன்ட் மேக்ஸ் பாடி சைஸ்' என்ற வரியை நீங்கள் எழுதாவிட்டால் அங்கே வரம்பு 1 எம்பிதான். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடுவதால் அது தப்பிக்கிறது; கேமரா படம் 3, 4 எம்பி இருக்கும். அந்த வரியில் 25 எம்பி கொடுத்து, என்ஜின்எக்ஸை ரீலோட் செய்யுங்கள்.

பிஎச்பியிலும் ஒன்றல்ல, இரண்டு வரம்புகள். 'அப்லோட் மேக்ஸ் ஃபைல்சைஸ்' ஒரு கோப்புக்கானது. இயல்பில் 2 எம்பி. 'போஸ்ட் மேக்ஸ் சைஸ்' மொத்தக் கோரிக்கைக்கானது. இயல்பில் 8 எம்பி. முதலாவதை 20 ஆக்கினால் இரண்டாவதை 24 ஆவது ஆக்க வேண்டும். மாற்றியபின், பிஎச்பியை இயக்கும் பிஎச்பி-எஃப்பிஎம்மையும் ரீலோட் செய்யுங்கள்.

இரண்டாவது வரம்பு மீறினால் வரும் தொல்லைதான் கண்டுபிடிக்கச் சிரமமானது. கோப்பு மட்டுமல்ல, படிவத்தில் நிரப்பிய பெயர், எண் எல்லாமே காலியாக வந்து சேரும். உங்கள் நிரலோ 'கோப்பைத் தேர்வு செய்யவில்லை' என்று பயனர்மேல் பழி போடும். கோரிக்கையின் அளவைச் சொல்லும் கன்டென்ட் லென்த் தலைப்பில் எண் இருந்து, படிவம் காலியாக இருந்தால், அளவு மீறியது என்றே பதில் அனுப்புங்கள்.

படத்தை பேஸ்64 முறையில் எழுத்துகளாக்கி, ஜேசன் என்ற உரை வடிவத்துக்குள் வைத்து அனுப்புகிறீர்களா? 3 பைட் 4 எழுத்தாகிறது. 6 எம்பி படம் 8 எம்பி ஆகிவிடும். கோப்பை அப்படியே ஒரு தனிப் பகுதியாக அனுப்பும் மல்டிபார்ட்டே நல்லது.

கேள்வி: ஏபிஐயைச் சோதிக்கும் கருவியான போஸ்ட்மேனில் ஏறும் கோப்பு, பிரவுசரில் ஜாவாஸ்கிரிப்டின் ஃபெட்ச் மூலம் அனுப்பினால் 'பவுண்டரி இல்லை' என்கிறது.

பதில்: தரவின் வகையைச் சொல்லும் கன்டென்ட் டைப் தலைப்பை நீங்களே எழுதியிருப்பீர்கள். அந்த வரியை நீக்குங்கள். மல்டிபார்ட்டில் ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தைக் காட்டுவது பவுண்டரி என்ற குறியீட்டுச் சரம். படிவத் தரவைத் தாங்கும் ஃபார்ம்டேட்டாவை அப்படியே கொடுத்தால் பிரவுசர் அதை உருவாக்கித் தலைப்பில் சேர்க்கும். நீங்கள் எழுதினால் அது விடுபடும்.

இன்னொன்று: பயனர் அனுப்பும் கோப்புப் பெயரையும் வகையையும் நம்பவே கூடாது. ஜேபெக் என்றால் முதல் மூன்று பைட்டுகள் எஃப்எஃப், டி8, எஃப்எஃப் என்று இருக்க வேண்டும். இதைச் சோதித்து, படமாகத் திறக்க முடிகிறதா என்றும் பார்த்து, நீங்களே வைக்கும் புதிய பெயரில், இணையத்தில் நேரடியாகத் திறக்க முடியாத ஃபோல்டரில் சேமியுங்கள்.