யார்க் நகரில் எங்கே வீடு பார்ப்பது? முதலில் ஆற்றைப் பாருங்கள்

கேள்வி: மதுரையில் செவிலியராக இருக்கிறேன். இங்கிலாந்தில் யார்க் மருத்துவமனையில் வேலை கிடைத்திருக்கிறது. கணவருக்கு மென்பொருள் வேலை. அலுவலகம் லீட்ஸில், வாரத்தில் இரண்டு நாள் நேரில் போக வேண்டும். மகளுக்குப் பத்து வயது, மகனுக்கு நாலு. கோட்டைச் சுவருக்குள் இருக்கும் பழைய தெருக்களின் படங்களைப் பார்த்ததிலிருந்து அங்கேயே குடியிருக்க ஆசையாக இருக்கிறது. ஆனால் ஏஜென்ட் அனுப்பும் பட்டியலில் ஏகப்பட்ட பகுதிகளின் பெயர்கள். எங்கே வீடு பார்க்கலாம்?

பதில்: யார்க்கில் வீடு தேடுகிறவர்கள் பெரும்பாலும் "நகர மையத்திலிருந்து எவ்வளவு தூரம்?" என்றுதான் கேட்கிறார்கள். அந்த ஊருக்கு அந்தக் கணக்கு உதவாது. தினமும் வேலைக்குப் போகும் இடம் ஊஸ் ஆற்றின் எந்தக் கரையில் இருக்கிறதோ, அதே கரையில் வீடு பாருங்கள். நான் சொல்லப்போவதில் முதலாவதும் முக்கியமானதும் இதுதான்.

ரோமானியர்கள் கி.பி. 71இல் ஊஸும் ஃபாஸ் என்ற சின்ன ஆறும் சேரும் இடத்தில் கோட்டை கட்டியதில் பிறந்த ஊர் யார்க். பாதுகாப்புக்கு ஆறு நல்லது, போக்குவரத்துக்கு அல்ல. ஊருக்குள் வண்டிகள் ஊஸைக் கடக்க லெண்டல், ஊஸ், ஸ்கெல்டர்கேட் என்று மூன்று பாலங்கள், கொஞ்சம் வடக்கே கிளிஃப்டன் பாலம். அவற்றை விட்டால் புறவழிச் சாலைக்குத்தான் போக வேண்டும். வடக்குப் புறவழியான ஏ1237 பெரும்பகுதியும் திசைக்கு ஒரே தடம் கொண்டது. காலையிலும் மாலையிலும் ரவுண்டானாவுக்கு ரவுண்டானா நின்று நின்றுதான் நகரும். வரைபடத்தில் மருத்துவமனைக்குப் பக்கம்போலத் தெரியும் ஒரு வீடு எதிர்க்கரையில் இருந்தால், பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் முடித்து வரும் உங்களுக்கு அந்தப் பாலம் தினசரி வேதனையாகிவிடும்.

உங்கள் மருத்துவமனை விக்கின்டன் ரோட்டில், சுவருக்கு வடக்கே, ஊஸுக்கும் ஃபாஸுக்கும் நடுவில் இருக்கிறது. ரயில் நிலையம் இருப்பது ஊஸின் மேற்குக் கரையில். அப்படியானால் கணவருக்கு? அதற்கு வழி இருக்கிறது. ஸ்கார்பரோ பாலம் என்ற ரயில் பாலத்தை ஒட்டி நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் 2019இல் அகலமான புதுப் பாலம் போட்டிருக்கிறார்கள். நிலையத்திலிருந்து அதன் வழியாக நடந்தால் கார் நெரிசலில் சிக்காமல் மருத்துவமனைக் கரையில் உள்ள பூத்தம் பக்கம் ஏறிவிடலாம். லீட்ஸுக்கு ரயிலில் அரை மணி நேரத்துக்குள்தான். ஆகவே நீங்கள் மருத்துவமனைக் கரையில் இருந்துகொண்டு, அவர் வாரத்தில் இரண்டு நாள் பாலம் நடந்து கடப்பதுதான் குடும்பத்துக்கு லாபம். ஊருக்கு வெளியே உள்ள பாப்பிள்டன் கிராமத்தில் ரயில் நிலையம் இருக்கிறதே என்று யாராவது சொன்னால் மயங்க வேண்டாம். அது ஹாரோகேட் வழியாகச் சுற்றிப் போகும் தடம். லீட்ஸுக்குச் சீக்கிரம் போக யார்க் நிலையத்துக்கு வந்துதான் மாற வேண்டும்.

இனி, சுவருக்குள் குடியிருக்கும் ஆசை. அது எனக்கு நன்றாகவே புரிகிறது. யார்க் மின்ஸ்டர் பேராலயத்தின் கோபுரத்தை ஜன்னலில் பார்த்து எழுந்திருக்க யாருக்குத்தான் பிடிக்காது? ஆனாலும் நாலு வயதுப் பையனோடு அங்கே வேண்டாம் என்பேன். பல வீடுகள் அரசின் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள பழங்கட்டடங்கள். வீட்டுக்காரரே நினைத்தாலும் அனுமதி இல்லாமல் ஜன்னலை இரட்டைக் கண்ணாடிக்கு மாற்ற முடியாது. குளிர் உள்ளே வரும், ஹீட்டிங் பில் ஏறும். பக்கத்து வீடு சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடும் வீடாக இருக்கலாம். சனிக்கிழமை இரவு மிக்கில்கேட் தெருப் பக்கம் கல்யாணத்துக்கு முந்தைய பார்ட்டிக் கூட்டம் விடிய விடிய சத்தம் போடும். நைட் டியூட்டி முடித்துப் பகலில் தூங்க வேண்டியவருக்கு டிசம்பர் மாத சந்தைக் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். சுவருக்கு வெளியே, மருத்துவமனைக்குப் பக்கத்தில் உள்ள கிளிஃப்டனில் வீடு எடுத்தால் கால் மணி நேர நடையில் பூத்தம் பார் என்ற பழைய கோட்டை வாசல். அங்கே படியேறி, விடுமுறை நாளில் பிள்ளைகளோடு சுவர்மீது நடந்து வாருங்கள்.

அடுத்தது வெள்ளம். யார்க்கில் இதை ஒருவரும் அலட்சியம் செய்வதில்லை. வெளியூரிலிருந்து வாடகைக்கு வருகிறவர்கள்தான் கேட்க மறந்துவிடுகிறார்கள். ஊஸில் வரும் தண்ணீர் யார்க்கில் பெய்த மழை அல்ல. ஸ்வேல், யூர், நிட் ஆகிய ஆறுகள் யார்க்‌ஷயர் டேல்ஸ் மலைப்பகுதி மழையையும் உருகும் பனியையும் சேர்த்துக்கொண்டு வருகின்றன. யார்க்கில் வெயில் அடிக்கும் நாளிலும் ஆறு ஏறும். கிங்ஸ் ஸ்டெய்த் போன்ற ஆற்றோரத் தெருக்கள் குளிர்காலத்தில் மூழ்குவது அங்கே வாடிக்கை. 2000ஆம் ஆண்டு நவம்பரில் ஊஸ் வழக்கமான மட்டத்துக்கு மேலே ஏறத்தாழ 5.4 மீட்டர் உயர்ந்தது.

உங்களுக்கு அதைவிட முக்கியம் ஃபாஸ். சின்ன ஆறு, பார்க்க அமைதியாக இருக்கும். ஊஸ் பெருகும்போது தண்ணீர் ஃபாஸுக்குள் திருப்பி ஏறும் என்பதால் 1987இல் இரண்டும் சேருமிடத்தில் ஒரு தடுப்பு மதகு கட்டினார்கள். மதகை மூடிவிட்டு, ஃபாஸ் தண்ணீரை பம்ப் வைத்து ஊஸில் இறைப்பார்கள். 2015 கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அந்த பம்ப் நிலையத்தின் மின்சாதனங்களுக்குள் தண்ணீர் புகும் நிலை வந்து, மதகைத் திறக்க வேண்டியதாயிற்று. ஹன்டிங்டன் ரோடு, ஃபாஸ் ஐலண்ட்ஸ் பக்கங்களில் நூற்றுக்கணக்கான வீடுகளுக்குள் தண்ணீர் போனது. அதன்பிறகு பம்புகளின் திறனைக் கூட்டி, மின்சாதனங்களையும் உயரத்துக்கு மாற்றிவிட்டார்கள். அந்தப் பகுதிகளை ஒதுக்கச் சொல்லவில்லை. மருத்துவமனைக்குப் பக்கம் என்று ஏஜென்ட் காட்டும் வீடுகளில் சில ஃபாஸ் கரையில்தான் இருக்கும் என்பதைத் தெரிந்துகொண்டு பாருங்கள்.

எந்த வீடானாலும் இங்கிலாந்து அரசு இணையதளத்தில் போஸ்ட்கோடு கொடுத்து நீண்டகால வெள்ள அபாயத்தைப் பார்த்துவிடுங்கள், இலவசம். ஒரே தெருவில் மேட்டு முனைக்கு ஒரு பதிலும் பள்ள முனைக்கு வேறு பதிலும் வரும், அதனால் வீட்டு எண்ணையும் தேர்ந்தெடுங்கள். வீட்டுக்காரரின் காப்பீடு கட்டடத்துக்கு மட்டும். உங்கள் பீரோ, டிவி, பாத்திரம் பண்டத்துக்கு நீங்கள்தான் தனியாகக் காப்பீடு எடுக்க வேண்டும். வெள்ள அபாயம் உள்ள இடங்களிலும் கட்டுப்படியாகும் பிரீமியத்தில் காப்பீடு கிடைப்பதற்காக 2016இல் ஃப்ளட் ரீ என்ற திட்டம் வந்தது. ஆனால் 2009 ஜனவரிக்குப் பிறகு கட்டிய வீடுகளுக்கு அது கிடையாது. புது வீடு என்றால் கவலை இல்லை என்று நம் ஊர்க்காரர்கள் நினைப்பது இந்த ஒரு விஷயத்தில் தலைகீழ்.

சரி, பகுதிகள். முதல் வருடத்துக்கு என் தேர்வு கிளிஃப்டன். அதிலும் பூத்தத்திலிருந்து கிளிஃப்டன் கிரீன் வரையும், பர்டன் ஸ்டோன் லேன் சுற்றுவட்டாரமும். மருத்துவமனைக்கு நடந்து போகலாம். குளிர்காலத்தில் மாலை நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடும் ஊரில், விளக்குள்ள தெருவழியாக நடந்து வேலைக்குப் போய் வருவது எவ்வளவு பெரிய வசதி என்பது முதல் டிசம்பரில் தெரியும். இந்திய ஓட்டுநர் உரிமத்தில் அங்கே குடியேறியதிலிருந்து ஒரு வருடம்தான் ஓட்ட முடியும். நடந்தே போய் வந்தால் அங்கத்திய உரிமம் எடுத்துக் கார் வாங்கும் அவசரமும் தள்ளிப்போகும். மருத்துவமனையை ஒட்டிய குரோவ்ஸ் பகுதி இன்னும் பக்கம்; சின்னச் சின்ன வரிசை வீடுகள். குறுக்கு வழியாக வண்டிகள் பாய்வதை 2020இல் அடைத்துவிட்டதால் தெருக்கள் அமைதியாகிவிட்டன. இந்த இரண்டு இடங்களிலும் கார் நிறுத்தத் தெருவுக்குத் தெரு பர்மிட் உண்டு. கேட்டுக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்.

கொஞ்சம் பெரிய வீடும் தோட்டமும் வேண்டுமென்றால் ஃபாஸுக்கு அந்தப்பக்கம் ஹன்டிங்டன் அல்லது ஹீவர்த். ஹீவர்த்தில் மரங்கள் அதிகம், வாடகையும் அதிகம். அதை ஒட்டிய டாங் ஹால் பகுதியில் வாடகை இறங்கும். பழைய ரயில் தடத்தை மாற்றி அமைத்த ஃபாஸ் ஐலண்ட்ஸ் பாதை ஆஸ்பால்ட்விக்கிலிருந்து டாங் ஹால் வழியாக மருத்துவமனைப் பக்கம் வரை வருகிறது. சமதளமான ஊர் என்பதால் பகல் ஷிஃப்டுக்கு சைக்கிளிலேயே போகலாம். இருட்டில் அந்தப் பாதையில் தனியாகப் போகச் சொல்ல மாட்டேன். டாங் ஹாலிலும் ஹல் ரோட்டிலும் மாணவர்கள் சேர்ந்து தங்கும் வீடுகள் நிறைய. பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று நேரில் விசாரியுங்கள்.

வடக்கே நியூ இயர்ஸ்விக் எனக்கு மிகவும் பிடித்த இடம். சாக்லேட் ஆலை நடத்திய ஜோசப் ரௌன்ட்ரீ 1902இல் தொடங்கிய குடியிருப்பு. ரேமண்ட் அன்வினும் பாரி பார்க்கரும் வடிவமைத்தார்கள். சாதாரணத் தொழிலாளிக்கும் வெளிச்சமும் தோட்டமும் வேண்டும் என்று நினைத்து, தோட்டத்துக்கு இரண்டு பழமரம் வைத்துக் கட்டிய ஊர். இன்றும் பெரும்பாலான வீடுகள் ரௌன்ட்ரீ வீட்டு வசதி அறக்கட்டளையிடம் இருப்பதால் ஏஜென்ட் பட்டியலில் அரிதாகத்தான் வரும், வந்தால் விடாதீர்கள். அதற்கும் வடக்கே ஹாக்ஸ்பி, தனக்கென்று கடைத்தெரு உள்ள சிற்றூர். குடும்பங்களுக்கு நல்ல இடம்தான், ஆனால் ஞாயிறு அதிகாலைக்கும் இரவுக்கும் பஸ் இருக்கிறதா என்று நேர அட்டவணையைப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

தெற்கே ஃபுல்ஃபோர்டை எல்லோரும் பள்ளிக்காகப் பரிந்துரைப்பார்கள். பள்ளிக்கு நல்ல பெயர், அதனால் வாடகையும் உயர்வு. உங்கள் கரைதான், ஆனால் ஊரின் மறுமுனை. மருத்துவமனைக்குப் போக நகர மையத்தைச் சுற்றியாக வேண்டும். மேற்குக் கரையில் ஏகம் சிக்கனமானது, பிஷப்தார்ப் ரோடு கடைகளோடு சவுத் பேங்க் அழகானது. வேலை அந்தப்பக்கம் இருந்திருந்தால் அவற்றைத்தான் முதலில் சொல்லியிருப்பேன்.

பள்ளி விஷயத்தில் தேதிகளை மனதில் வையுங்கள். மேல்நிலைப் பள்ளி தொடங்கும் ஏழாம் வகுப்பு சேர்க்கைக்கு முந்தைய அக்டோபர் 31, தொடக்கப் பள்ளியின் முதல் வகுப்பான ரிசப்ஷனுக்கு ஜனவரி 15 கடைசி நாள். தேதி கடந்து போய்ச் சேர்ந்தால் இடம் காலியாக உள்ள பள்ளியில்தான் கிடைக்கும். ஆகவே வீடு முடிவாகும் முன்பே யார்க் நகர கவுன்சிலின் சேர்க்கைப் பிரிவுக்கு எழுதி, உங்கள் மகள் வயதுக்கு எந்தப் பள்ளியில் இடம் இருக்கிறது என்று கேளுங்கள். எந்த முகவரி எந்தப் பள்ளியின் எல்லைக்குள் வருகிறது என்பதையும் அவர்களிடமே உறுதி செய்யுங்கள். ஏஜென்ட் சொல்வதை நம்ப வேண்டாம். வடக்குப் பகுதியில் ஹன்டிங்டன் பள்ளி, நியூ இயர்ஸ்விக்கில் ஜோசப் ரௌன்ட்ரீ பள்ளி, கிளிஃப்டனில் வேல் ஆஃப் யார்க் அகாடமி இருக்கின்றன. நீங்கள் கத்தோலிக்கர் என்றால் ஆல் செயின்ட்ஸ் பள்ளியையும் விசாரிக்கலாம்.

வீட்டை நேரில் பார்க்கும்போது சமையலறையில் வெளியே காற்றைத் தள்ளும் எக்ஸ்ஹாஸ்ட் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய செங்கல் வீடுகளில் தாளிப்புப் புகையும், குளிருக்கு ஜன்னலை மூடிவைத்து உள்ளேயே காயப்போடும் துணியும் சேர்ந்து சுவரில் பூஞ்சை பிடித்துவிடும். பின்கட்டுச் சுவரின் அடிப்பகுதி, அலமாரிக்குப் பின்புறம், படுக்கையறை மூலை ஆகியவற்றைக் கையால் தொட்டே பாருங்கள். புதுச் சுண்ணாம்பு ஒரு மூலையில் மட்டும் அடித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

பணம் கொடுக்கும்போது சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. வீட்டைப் பிடித்துவைக்கும் முன்பணம் ஒரு வார வாடகைக்கு மேல் கூடாது. டெபாசிட்டாக, ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குள் இருந்தால், ஐந்து வார வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. அதை 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டத்தில் போட்டு உங்களுக்கு விவரம் தர வேண்டும். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களிடம் ஆறு மாத வாடகையை மொத்தமாகக் கேட்கும் வழக்கம் இருந்தது. புதிய வாடகைதாரர் உரிமைச் சட்டத்தின்படி 2026 மே 1 முதல் ஒரு மாதத்துக்கு மேல் முன்கூட்டிக் கேட்க முடியாது. கவுன்சில் டாக்ஸ் என்ற உள்ளாட்சி வரி பொதுவாக வாடகையில் சேராது, குடியிருப்பவர்தான் கட்ட வேண்டும். ஏ முதல் எச் வரை எந்தப் பிரிவு என்று கேட்டு, அதையும் சேர்த்து மாதக் கணக்குப் போடுங்கள். மதுரையில் இருந்தபடியே ஒப்பந்தம் போட்டுவிடாமல், முதல் சில வாரங்களுக்குத் தங்குமிடம் ஏற்பாடு உண்டா என்று மருத்துவமனையிடம் கேளுங்கள். அந்த வாரங்களில் ஒரு காலை, ஷிஃப்ட் தொடங்கும் நேரத்துக்கு, நீங்கள் குறித்துவைத்த வீட்டு வாசலிலிருந்து மருத்துவமனை வரை ஒருமுறை நடந்து பாருங்கள்.