தேவ்லாலி வாத்தியாரும் 6174-ம்

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 52, கூட்டுறவு வங்கியில் வேலை. பஸ் டிக்கெட்டைக் கையில் வாங்கினால் அதிலுள்ள எண்ணைக் கூட்டியும் கழித்தும் பார்ப்பது சின்ன வயதுப் பழக்கம். இன்னும் விடவில்லை. "இதனால என்ன பிரயோஜனம்?" என்று வீட்டில் கேட்கிறார்கள். மூளைக்கு நல்லது என்று சொல்லிவிடலாமா?

எஸ்., கும்பகோணம்

அன்புள்ள எஸ்.,

வேண்டாம், அப்படிச் சொல்லாதீர்கள். சொன்னால் உங்கள் விளையாட்டு சாப்பாட்டுக்குப் பின் போடும் மாத்திரை மாதிரி ஆகிவிடும். சந்தோஷமாக இருக்கிறது, செய்கிறீர்கள். இதற்கு மேல் ஒரு காரணம் எதற்கு?

கப்ரேக்கர் உங்கள் கட்சிக்காரர். நாசிக் பக்கத்தில் தேவ்லாலியில் 1930 முதல் 1962 வரை பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். எண்களோடு விளையாடுவதே அவருக்கு வாழ்க்கை. அற்ப வேலை என்று கணித அறிஞர்கள் சிலர் சிரித்தார்கள், அவர் நிறுத்தவில்லை. 1949-ல் சென்னையில் நடந்த கணித மாநாட்டில் அவர் சொன்னது இது: ஏதாவது ஒரு நாலு இலக்க எண், நாலும் ஒரே இலக்கமாக இருக்கக் கூடாது. இலக்கங்களை இறங்குவரிசையில் எழுதி, அதிலிருந்து ஏறுவரிசையில் எழுதியதைக் கழியுங்கள். வந்த விடையை வைத்து மறுபடியும் அதையே செய்யுங்கள். 1947-ஐ எடுத்தால்:

9741 − 1479 = 8262
8622 − 2268 = 6354
6543 − 3456 = 3087
8730 − 0378 = 8352
8532 − 2358 = 6174

இனி எத்தனை முறை கழித்தாலும் 6174-தான். எந்த எண்ணில் தொடங்கினாலும் ஏழு படிக்குள் இங்கே வந்துவிடும்.

ஆச்சரியப்பட்டதோடு எழுந்துபோகாமல் ஏன் என்று கேட்டால் விளையாட்டு இன்னும் ருசிக்கும். பெரிய இலக்கத்துக்கும் சிறிய இலக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தை 999-ஆல் பெருக்குங்கள். வரிசைப்படுத்தியபின் நடுவில் நிற்கும் இரண்டின் வித்தியாசத்தை 90-ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். கழித்து வரும் விடை அதுவேதான். 1947-க்கு 8 × 999-உம் 3 × 90-உம் சேர்ந்து 8262. ஆக, இலக்கங்கள் எவை என்பதே முக்கியமில்லை, இந்த இரண்டு வித்தியாசங்கள் போதும். முன்னால் பூஜ்யம் வருவதையும் சேர்த்தால் தொடங்க 9990 எண்கள் இருக்கின்றன. முதல் கழித்தலிலேயே அத்தனையும் வெறும் 54 விடைகளுக்குள் அடங்கிவிடுகின்றன! அந்த 54-ஐயும் கையாலேயே ஓட்டிப் பார்த்துவிடலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போதும். கணினியிடம் கொடுத்துவிடாதீர்கள், ஒவ்வொன்றாக வந்து சேர்வதைப் பார்ப்பதில்தான் சுகமே இருக்கிறது.

1975-ல் கணிதப் புதிர் எழுத்தாளர் மார்ட்டின் கார்ட்னர் அமெரிக்கப் பத்திரிகையில் எழுதிய பிறகு கப்ரேக்கரை உலகம் அறிந்தது. அப்போது அவருக்கு எழுபது வயது. அந்தப் புகழ் வராமலே போயிருந்தாலும் அவர் கணக்குப் போட்டுக்கொண்டுதான் இருந்திருப்பார் என்று நம்புகிறேன்.

மூன்று இலக்கத்துக்கு 495. ஐந்து இலக்கத்தில் இப்படி ஒரே எண்ணில் வந்து நிற்பதில்லை. இரண்டு இலக்கத்தில் என்ன ஆகும் என்பதை நான் சொல்லப்போவதில்லை. 63-ல் ஆரம்பியுங்கள், 9 வந்தால் 09 என்று எழுத வேண்டும். பிரயோஜனம் கேட்டவரிடமும் ஒரு தாள் கொடுங்கள்.